அத்தையின் மிச்சக் கண்

தம்பி,

இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் கைவசமுள்ள பொய்யை முதல் வரியிலேயே செலவழித்துவிட்டால் பின்னால் தேவைப்படும்போது என்ன செய்வது? நீ வெளிநாடு கிளம்புவதாகப் போனில் சொன்னாய். பெரிய இடம், பெரிய ஆராய்ச்சி, சர்க்கரை வியாதிக்காரர்களின் விழித்திரை கெட்டுப்போகாமல் காப்பாற்றுகிற வேலை என்றாய். ஊருக்கு வந்து சொல்லிக்கொண்டு போக நேரமில்லை என்றும் சொன்னாய். ரொம்ப சந்தோஷம். உலகத்தின் கண்களையெல்லாம் காப்பாற்றப் போகிறவனுக்குத் திருக்காட்டுப்பள்ளி பஸ் ஏற நேரம் எங்கிருந்து வரும்? போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்து எனக்குப் பாடம் நடத்துவாய். அதனால்தான் எழுதுகிறேன். பால்வாடி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன உன் அம்மாவுக்கு எழுத்து இன்னும் மறக்கவில்லை. பக்கத்தில் உன் லூர்து அத்தை உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், தடவித் தடவி. "யாருக்கு அண்ணி இவ்வளவு நீளமா எழுதுறீங்க?" என்றாள். உனக்குத்தான் என்றேன். "நான் விசாரிச்சேன்னு ஒரு வரி போடுங்க" என்றாள். இதோ, போட்டுவிட்டேன். எட்டிப் பார்த்துப் படிக்க அவளால் இனி முடியாது என்ற தைரியத்தில்தான் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எழுதுகிறேன். நீ இவ்வளவு கல்நெஞ்சனாக யாரைக் கொண்டு பிறந்தாய் என்று ஊரில் கேட்கிறார்கள். இந்த இடத்தைக் காட்டு, புரிந்துகொள்வார்கள்.

அவளுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் பாதிப் பார்வை நிற்கிறது. அந்தப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். கடைசியில் உன்னிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் நடந்ததை ஒருமுறை நான் சொல்லிக் கேள். நீ உன் டாக்டர் சிநேகிதர்களிடம் சொல்லிச் சொல்லி அது உனக்கு வசதியான கதையாக மாறியிருக்கும்.

ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க நம் ஊரையே தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்று தெரிந்த அன்று அத்தை ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியாது. மாதா கோயில் தெரு முழுக்க வீடு வீடாகப் போய், "எங்க அண்ணன் மவன் வர்றான், சர்க்கரை இருக்குறவங்க எல்லாம் வாங்க, கண்ணு போவாம இருக்க சொட்டு மருந்து குடுக்குறான்" என்று அழைத்தவள் அவள். கோயிலின் பங்குக் கூடத்தைக் கூட்டிக் கழுவியவளும் அவள்தான். நீ வெள்ளைக் கோட்டில் வந்து நின்று, பொறுமையாகத்தான் சொன்னாய், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையில் சர்க்கரையால் முதலில் நரம்பு வாடும், பிறகு ரத்தக்குழாய் கசியும், வாடும்போதே பிடித்துவிட்டால் காப்பாற்றலாமா என்று பார்க்கத்தான் இந்தச் சொட்டு என்றாய். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு, பாட்டில் பார்க்க ஒன்று போலவே இருக்கும், யாருக்கு எது என்று எனக்கே தெரியாது என்றாய். கூடத்தில் ஒரு சலசலப்பு வந்தது. நீ அதைக் கவனிக்கவில்லை, அடுத்த படத்துக்குப் போய்விட்டாய்.

அப்புறம் கண் பரிசோதனை. மூன்று கால் குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டிய அட்டை. முன்னால் போய் வந்தவர்களிடம் அத்தை அந்த வரிசையைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்தாள், ஜெபமாலை சொல்வதுபோல. மேல, வலது, கீழ, கீழ, இடது. தன் பெயர் வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்று, மளமளவென்று கையைக் காட்டினாள். ஒரு தடுமாற்றம் இல்லை. உன்னோடு வந்த பெண் அதற்குள் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தாள். நீ அத்தையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்: "அத்தை, ஏமாத்தாதீங்க. அட்டைய மாத்தி எவ்வளவோ நேரமாச்சு. உங்களுக்கு அட்டையே தெரியல." கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், அது வேறு விஷயம். பிறகு கண்ணுக்குள் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது முத்திப்போச்சு, இந்தச் சொட்டால உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல, ஆராய்ச்சியில சேக்க முடியாது. தஞ்சாவூர் போயி லேசர் வச்சுக்குங்க, தள்ளிப்போடாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாய். நீ சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. டாக்டராக நீ செய்ய வேண்டியதைத்தான் செய்தாய். நீ எப்போதும் சரியாகத்தான் இருந்து தொலைக்கிறாய்.

அவள் என்ன வேலை பார்க்கிறவள் என்று உனக்கு நினைவிருக்கிறதா? விதைநெல் வயலில் கலவன் எடுக்கிறவள். ஒரே ரகமாக நிற்க வேண்டிய பயிரில் உயரத்திலோ கதிரிலோ மாறி நிற்பதைப் பார்த்துப் பிடுங்கி வரப்பில் எறிகிற வேலை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பித்தளைக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அண்ணி, தம்பி என்னைக் கலவன்னு புடுங்கி வரப்புல போட்டுட்டான்." அழவில்லை. சீட்டை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். தஞ்சாவூருக்குப் போ, போ என்று நானும் சொன்னேன். சேர்க்கமாட்டேன் என்று சொன்னவனின் சீட்டை எடுத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் நிற்கமாட்டேன் என்றாள். ரோஷம். உங்கள் குடும்பத்து ரோஷம்தான், எங்கள் வீட்டுப் பக்கம் இவ்வளவு கிடையாது.

இப்போது அந்தச் சலசலப்புக்கு வருகிறேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர் என்று நீ சொல்லிவிட்டுப் போன சாயங்காலமே தெருக்குழாயடியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் நாம் என்ன செய்வோம்? ஒருத்தன் வயல் நிறைந்து இன்னொருத்தன் வயல் காய விடுவோமா? முறை வைப்போம். மேல்மடைக்கு இத்தனை நாள், கீழ்மடைக்கு இத்தனை நாள். அதே மாதிரி பாட்டிலுக்கும் முறை வைத்துவிட்டார்கள். எந்தப் பாட்டிலில் மருந்து என்று டாக்டருக்கே தெரியாதாம், அப்படியானால் வாராவாரம் பாட்டிலை மாற்றிக்கொண்டால் எல்லோருக்கும் கொஞ்சமாவது மருந்து கிடைக்கும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வேப்பமரத்தடியில் கை மாற்றினார்கள். எனக்கும் நீ ஒரு பாட்டில் கொடுத்திருந்தாயே, நானும் மாற்றினேன். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்கும் கொஞ்சம் விட வேண்டும் என்பதும் நம் ஊர் நியாயம்தானே? அதனால் சேர்க்கப்படாதவளுக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். வேப்பமரத்தடியில் அத்தை முகத்தை நிமிர்த்திக்கொண்டு உட்காருவாள், ஆளாளுக்குத் தங்கள் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விடுவார்கள். நானே அவள் இமையைப் பிடித்துக்கொண்டு விட்டிருக்கிறேன். "இப்ப நானும் இருக்கேன்ல அண்ணி, தம்பி ஆராய்ச்சியில?" என்று சிரிப்பாள். தம்பியின் மருந்துதான் விழுகிறதே, லேசர் எதற்கு என்று அந்தச் சீட்டு மாதா படத்துக்குப் பின்னாலேயே கிடந்தது.

உன்னோடு வந்த பெண் பாட்டில்களைச் சரிபார்க்க வந்தபோது, ஞானசெல்வம் பெயருக்கான நம்பர் போட்ட பாட்டில் அந்தோணியம்மாள் வீட்டில் இருக்க, குட்டு உடைந்தது. நீ வந்தாய். பங்குக் கூடத்தில் நீ போட்ட சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும். "உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா? மருந்து வேலை செய்யுதா இல்லையான்னே இப்ப சொல்ல முடியாது. இந்த ஊரையே கணக்குலேருந்து தூக்கணும். ஒருத்தர் கண்ணுல வச்ச பாட்டில இன்னொருத்தர் கண்ணுல வச்சா சீழ் புடிக்கும், அதாவது தெரியுமா?" எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள், உன்னைவிட மூத்தவர்கள். அத்தை மட்டும் முன்னால் வந்து, "எம்மேலதான் தப்பு தம்பி, மத்தவங்கள வையாதப்பா" என்றாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. உனக்கும் அது தெரியும். இருந்தும் நீ அவளைப் பார்த்துச் சொன்னாய்: "நீங்க இதுல சேரவே இல்ல. நீங்க ஏன் பேசுறீங்க?" காரில் ஏறிப் போய்விட்டாய். என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சம்பாப் பயிர் கதிர் விட்டிருந்த நேரம். வயலில் கலவன் எடுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இடது கண்ணுக்குள் யாரோ மை கொட்டினது மாதிரி இருக்கிறது என்றாள். ரத்தம் கசிந்திருக்கிறது. நான் ஆட்டோ வைத்துத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விழித்திரை இழுத்துக்கொண்டு பிய்ந்து வந்துவிட்டது, ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "நான் அப்பவே சொன்னேன்லம்மா." ஆமாம், அப்போதே சொன்னாய். வேறு எதையாவது சொல்வாய் என்று நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நீ மீட்டிங் இருக்கிறது என்றாய்.

நான் சொட்டு விட்ட கண்தான் அது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. கேட்க வேண்டியவளிடம் கேட்டுக்கொண்டேன். அவள் என் வாயைப் பொத்திவிட்டு, சோறு போடுங்க அண்ணி என்றாள். இந்தக் காரியத்தில் குற்றமில்லாதவள் அவள் ஒருத்திதான், கண் போனதும் அவளுக்குத்தான்.

வலது கண்ணில் நடுவில் வீக்கம் இருக்கிறது, மாதாமாதம் ஊசி போட வேண்டும், கூடவே லேசரும் வைத்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், தாமதித்தால் இதுவும் போய்விடும் என்று தஞ்சாவூர் டாக்டரம்மா சொன்னார். இவள் மாட்டவே மாட்டேன் என்றாள். "சேக்க முடியாதவளுக்கு எதுக்கு வைத்தியம்? உங்களுக்கு வேற சோலியே இல்லயா அண்ணி?" பங்குச் சாமியார் வந்து சொன்னார். தெருப் பெண்கள் வந்து அழுதார்கள். நான் கெஞ்சினேன், திட்டினேன், கிழட்டுப் பிடிவாதம் பிடிக்கிறாயே, நாசமாய்ப் போ என்றுகூடச் சொன்னேன். சுவரைப் போல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் என் வாயில் அது வந்தது. முன்கூட்டி யோசித்துச் சொல்லவில்லை. "தம்பி போன் பண்ணான். முத்திப்போனவங்களுக்குன்னே புதுசா ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சிருக்கானாம். ஊசி மருந்தாம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலயே போடச் சொல்லியிருக்கானாம். மொதப் பேரே உம் பேருதானாம்." அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இல்லை, பார்க்காமல் இருந்ததே நல்லது, பார்த்திருந்தால் நீ உடனே உண்மையைச் சொல்லியிருப்பாய். "மெய்யாலுமா?" என்றாள். "என்னைத் திட்டிட்டுப் போனானே." "அதுக்குத்தான் மனசு கேக்காம சேத்திருக்கான்" என்றேன். அன்றைக்கே பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து வைத்தாள்.

முதல் ஊசியைப் போட்டுக்கொண்டாள். கண்ணில் ஊசி என்றால் நமக்கெல்லாம் குலை நடுங்கும், அவள் ஆடாமல் படுத்திருந்தாளாம். நர்ஸ் பெண்ணிடம், "நான் சும்மா வந்தவ இல்லம்மா, எங்க அண்ணன் மவன் ஆராய்ச்சியில இருக்கேன்" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். புரிந்துகொண்டு, "அப்படியாம்மா, அப்ப நீங்க தவறாம வரணும்" என்றாள். எவ்வளவு நல்ல பெண் பார். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணில் கட்டோடு இவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், ராணி மாதிரி.

ஆனால் உன் அத்தை முட்டாள் இல்லை. போன வாரம் கேட்டாள்: "அண்ணி, ஆராய்ச்சின்னா பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு தண்ணின்னு தானே தம்பி சொன்னான்? எனக்கு எது?" மருந்துதான் என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கே தெரியாதுன்னானே." நான் உளறினேன். அவள் அந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்றது ஒண்ணும் சரியா இல்ல. தம்பிகிட்டயே கேட்டுக்குறேன். அவன் வாயால ஆமான்னு சொன்னா அடுத்த ஊசிக்கு வர்றேன். இல்லன்னா விட்டுருங்க, என்னைக் கர்த்தர் பாத்துக்குவார்." வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் உனக்குப் போன் போடப்போகிறாள். நான் போட்டுத் தரமாட்டேன் என்றால் பக்கத்து வீட்டில் கேட்டுப் போடுவாள்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் அப்பா கிட்னி கெட்டு தஞ்சாவூரில் படுத்திருந்தபோது நீ டாக்டருக்குக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். "அறுப்புக்கு எந்திரிச்சிருவேனாடா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரும் மருத்துவப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லமாட்டார்கள். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லப்பா, ரெண்டு கிட்னியும் போயிருச்சு, அறுப்பு வரைக்கும் தாங்காது" என்றாய். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டும் என்பதைத் தவிர எங்களிடம் எதுவும் பேசவில்லை. நீ சொன்னபடியே அறுப்புக்கு முன்னால் போய்விட்டார். கணிப்பு சரியாக இருந்தது என்று உனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். இது கொடூரமான பேச்சு என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்கு அன்றைக்கு வலித்ததில் பாதியாவது இன்றைக்கு உனக்கு வலிக்கட்டும்.

நோயாளியிடம் பொய் சொல்லக்கூடாது, அது தர்மம் இல்லை என்பாய். உன் தர்மத்தை நான் குறை சொல்லவில்லை. ஆராய்ச்சியில் நீ உண்மை பேசாவிட்டால் நாளைக்கு ஊர் உலகத்துக்கே தப்பான மருந்து போய்ச் சேரும், அது எனக்கும் புரிகிறது. ஆனால் அவள் உன் ஆராய்ச்சியில் இல்லை. நீயே சொன்னாய், அவள் அதில் சேரவே இல்லை என்று. ஆகவே உன் கணக்கு எதுவும் கெடாது. போடப்படுவது நிஜ மருந்து, போடுகிறவர் நிஜ டாக்டர், காப்பாற்றப்போவது நிஜக் கண். அதில் உன் பெயர் ஒட்டியிருப்பது மட்டும்தான் பொய். போனில் ஒரு ஆமாம் சொல்லி அந்தப் பெயரை அவளுக்குக் கொடுத்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்?

மாட்டேன் என்றால், உண்மையைச் சொல். அவள் போனை வைத்துவிட்டு ஊசியை நிறுத்துவாள். அந்தக் கண்ணும் போகும். அப்புறம் கொல்லைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறவள் நான். எனக்கும் சர்க்கரை, எனக்கும் அதே விழித்திரை, நானும் எத்தனை நாள்? இரண்டு கிழவிகள் ஒருத்தியை ஒருத்தி தடவிக்கொண்டு நடப்போம். உன் உண்மை வந்து எங்களுக்குச் சோறு போடுமா என்று பார்க்கிறேன்.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் அவளிடமே கேட்டுப் பார்த்தேன். "நான் சொன்னா நம்ப மாட்டேங்குற, அவன் சொன்னா மட்டும் எப்படி நம்புவ? அவனும் பொய் சொன்னா?" கீரைக் காம்பை விரலால் தேடிக்கொண்டே சிரித்தாள். "போங்கண்ணி. நீங்க பொய் சொல்லுவீங்க, நான் பொய் சொல்லுவேன். செத்துப்போற அப்பன்கிட்டயே பொய் சொல்லாத புள்ள அவன். அவன் என்ன சொன்னாலும் நான் நம்புவேன்."

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். எடு.